தடுப்பூசி ஒரு வழக்கு, அரசு இன்னொரு வழக்கு: பெருந்தொற்றைப் பற்றி விவாதிக்கும் முறை

கொரோனா அடங்கிச் சில ஆண்டுகள் ஆகியும், கல்யாண வீட்டுப் பந்தியிலோ துக்க வீட்டுத் திண்ணையிலோ அந்தப் பேச்சு எழுந்தால் இன்றும் கட்சி பிரிந்துவிடுகிறது. “ஊசி போட்டவனுக்கும்தானே வந்தது” என்று ஒருவர் தொடங்குவார். “ஊசி மட்டும் வரவில்லையென்றால் இங்கே பாதிப் பேர் உட்கார்ந்திருக்க மாட்டோம்” என்று இன்னொருவர் மறிப்பார். இடையில் மூன்றாமவர் ஒருவர், ஊரடங்கு அறிவித்த விதத்தையும் ஆக்சிஜன் படுக்கைக்காக அலைந்த இரவையும் எடுத்துச் சொல்லி, ஆகவே ஊசியும் ஏமாற்றுதான் என்று தீர்ப்பெழுதிவிடுவார். கல்லூரி மாணவர்களை விவாதப் போட்டிகளுக்குத் தயார்செய்யும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள்கூட இந்தத் தலைப்பில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றத்துக்குக் காரணம், இரண்டு வழக்குகளை ஒரே கட்டாகக் கட்டி எடுத்து வருவதுதான். தடுப்பூசி நோயையும் மரணத்தையும் குறைத்ததா என்பது ஒரு வழக்கு. அதற்குச் சாட்சி எண்ணிக்கைகள். அந்த நாட்களில் அரசு நடந்துகொண்ட விதம் சரியா என்பது இன்னொரு வழக்கு. அதற்குச் சாட்சி தேதிகளும் ஆணைகளும் நீதிமன்றப் பதிவுகளும். முன்னதன் சாட்சியைப் பின்னதில் ஏற்றக் கூடாது. அரசு விலை நிர்ணயத்தில் சொதப்பியதால் ஊசியின் பலன் ஒரு சதவீதம்கூடக் குறைவதில்லை. ஊசி நன்றாகப் பலன் தந்தது என்பதால் அரசு குற்றச்சாட்டிலிருந்து விடுபடுவதுமில்லை. நன்மையா தீமையா என்று இரண்டணியாக அமர்ந்து, கடைசியில் நடுவர் ஒரு பக்கம் சாய்ந்து கைத்தட்டல் வாங்கும் பட்டிமன்றப் பழக்கம் நம் எல்லோருக்கும் ஊறிப்போயிருப்பதால், ஒரே ஆள் முதல் வழக்கில் ஆதரவாகவும் இரண்டாவதில் எதிராகவும் பேசலாம் என்பது முதலில் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் இந்தத் தலைப்பில் நேர்மையாகப் பேசுவதற்கு வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வாய் திறக்கும் முன் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

“தடுப்பூசி வேலை செய்ததா?” என்பது விவாதத்துக்கு உரிய கேள்வியே அன்று, அது ஏழெட்டுக் கேள்விகள் அடங்கிய மூட்டை. எந்த ஊசி, எத்தனை தவணை, கடைசித் தவணை போட்டு எத்தனை மாதம், அப்போது பரவிக்கொண்டிருந்தது எந்த உருமாறிய கிருமி, போட்டுக்கொண்டவரின் வயது என்ன, எல்லாவற்றுக்கும் மேலாக எதைத் தடுப்பதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். தொற்றே வராமல் தடுப்பது, காய்ச்சலும் இருமலும் வராமல் தடுப்பது, மருத்துவமனையில் சேராமல் தடுப்பது, உயிர் போகாமல் தடுப்பது ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு காரியங்கள். ஒரே ஊசி இவற்றில் ஒன்றைச் சிறப்பாகவும் மற்றொன்றை அரைகுறையாகவும் செய்யலாம்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் டெல்டா பரவியபோது கோவிஷீல்டு இரண்டு தவணை போட்டுக்கொண்டவர்களின் மரணத்தை அது குறைத்ததா என்று கேட்டால், ஆம், வெகுவாகக் குறைத்தது என்பதே விடை. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வீடுவீடாகப் புகுந்தபோது, ஆறேழு மாதத்துக்கு முன் இரண்டு தவணை போட்டவருக்குத் தொற்றே வராமல் காத்ததா என்று கேட்டால், பெரும்பாலும் காக்கவில்லை என்பதே விடை. பந்தியில் மோதிக்கொள்ளும் இருவரில் ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்; இருவரும் சரி, ஆனால் சண்டை ஓயாது.

இந்த இடத்தில் தடுப்பூசியின் பக்கம் நின்று பேசுபவர் ஓர் உண்மையைத் தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. தொற்றையே தடுத்துவிடும் என்ற வாக்குறுதியைப் பெரிய பதவியில் இருந்தவர்களே அள்ளிவிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கொரோனா வராது என்ற பொருளில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் 2021 ஜூலையில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசினார். டெல்டா அதை அப்போதே பொய்யாக்கிக்கொண்டிருந்தது. ஒமிக்ரான் முழுதாகவே பொய்யாக்கியது. எதிர்த்தரப்பு இதை எடுத்துக் காட்டும் வரை காத்திருந்து பிறகு சப்பைக்கட்டுக் கட்டுவதைக் காட்டிலும், முதல் நிமிடத்திலேயே ஒப்புக்கொண்டு, மிகையாகப் பேசியது பேசியவரின் பிழை, மருந்தின் பலனை அளப்பதற்கு வேறு கணக்கு உண்டு என்று நகர்ந்துவிட்டால் பேச்சு உருப்படும்.

சதவீதத்தைப் படிக்கும் விதம்

செயல்திறன் 95 சதவீதம் என்றால் ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்று பொருளன்று. இந்த ஒரு தவறைத் திருத்தினாலே பாதி விவாதம் தீர்ந்துவிடும். பைசர் நிறுவனத்தின் சோதனையில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றனர்; ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உண்மை ஊசியும் மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி ஊசியும் போடப்பட்டன. அறிகுறியுடன் நோய் கண்டவர்கள் மொத்தம் 170 பேர். அவர்களில் 162 பேர் போலி ஊசிக்காரர்கள், 8 பேர் மட்டுமே உண்மை ஊசிக்காரர்கள். 162 பேருக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில் 8 பேருக்கே வந்தது என்பதைத்தான் 95 சதவீதம் என்கிறார்கள். நம் ஊரில் பலரும் போட்டுக்கொண்ட கோவேக்சினின் மூன்றாம் கட்டச் சோதனையில் 25,798 பேர் சேர்க்கப்பட்டனர். நோய் கண்டவர்கள் போலி மருந்துப் பிரிவில் 106, கோவேக்சின் பிரிவில் 24. அதிலிருந்து வந்தது 77.8 சதவீதம். கோவிஷீல்டின் மூல மருந்தான ஆஸ்ட்ராசெனகாவுக்கு முதலில் வெளியான சராசரி 70.4 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்து, இது முதல் ரகம், அது மூன்றாம் ரகம் என்று துணிக்கடையில் விலை பார்ப்பதுபோல் பார்க்கக் கூடாது. சோதனை நடந்த நாடுகள் வேறு, காலம் வேறு, அப்போது பரவிய கிருமி வேறு. கோவேக்சின் சோதனைக் காலத்தில் டெல்டா ஏற்கெனவே தலைகாட்டியிருந்தது. பைசர் சோதனைக் காலத்தில் அது இல்லை. மேலும், சோதனைக்கூடக் கட்டுப்பாட்டுக்குள் கிடைக்கும் செயல்திறன் ஒன்று. குளிர்பெட்டி, மின்வெட்டு, சர்க்கரை நோய், தவணை தள்ளிப்போதல் ஆகிய அனைத்தும் உள்ள களத்தில் கிடைக்கும் பலன் இன்னொன்று. பேசும்போது இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

64-ம் 64-ம்

என் மாணவர்களுக்கு நான் தவறாமல் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் ஊழியர்களைப் பற்றியது. 2021-இன் இரண்டாம் அலையில் அந்த மருத்துவமனை தன் ஊழியர்களையே கணக்கெடுத்து ஆய்வாக வெளியிட்டது. பெரும்பாலானோர் போட்டிருந்தது கோவிஷீல்டு. அங்கே இரண்டு தவணையும் போட்டுக்கொண்டு, பிறகு தொற்று வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 64 பேர். ஒரு தவணைகூடப் போடாமல் தொற்று வந்து சேர்ந்தவர்களும் 64 பேர்தான்.

இவ்வளவை மட்டும் எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், வகுப்பில் பாதிப் பேர் ஊசியால் ஒரு பயனும் இல்லை என்று முடிவுகட்டியிருப்பார்கள். ஒருவேளை செய்தித் தலைப்பு எழுதுபவரும் அங்கேயே நிறுத்தியிருப்பார். பிறகுதான் அடியில் கோடு போட்டுக் கீழெண்ணை எழுதுவேன். இரண்டு தவணை போட்டவர்கள் 7,080 பேர். போடாதவர்கள் 1,609 பேர். ஏழாயிரத்தில் அறுபத்து நான்கு என்பது நூற்றுக்கு 0.9, ஆயிரத்து அறுநூற்றில் அறுபத்து நான்கு என்பது நூற்றுக்கு 4. நான்கு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றால், மருத்துவமனைச் சேர்க்கை 77 சதவீதம் குறைந்திருக்கிறது. அதே தாளில் தொற்றைப் பாருங்கள்: போட்டவர்களில் 679 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 9.6, போடாதவர்களில் 438 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 27.2. குறைவு 65 சதவீதம். ஆக்சிஜன் தேவைப்படுவதில் 92 சதவீதமும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதில் 94 சதவீதமும் குறைந்ததாக அந்த ஆய்வு சொன்னது. நோய் கடுமையாகக் கடுமையாகப் பாதுகாப்பும் கூடிக்கொண்டே போவதை இங்கே கண்ணால் பார்க்கலாம். கேள்வியைப் பிரித்து எழுதச் சொன்னதன் காரணமும் இதுவே.

“ஆஸ்பத்திரியில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்தான்” என்ற வாதம் வரும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஊரில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்? எல்லோரும் குடை பிடித்துப் போகும் ஊரில், நனைந்து வருபவர் அனைவரும் குடை வைத்திருப்பவர்களாகத்தான் இருப்பார்கள்; அதைக்கொண்டு குடையைக் குறைசொல்ல முடியாது.

எதிர்த்தரப்பில் கணக்குத் தெரிந்தவர் இருந்தால், விகிதத்தைச் சொல்லி மிரட்டாதீர்கள், நேர் வித்தியாசத்தைச் சொல்லுங்கள் என்று மடக்குவார். அது நியாயமான கோரிக்கை. வேலூர்க் கணக்கில் நேர் வித்தியாசம் நூற்றுக்கு மூன்று பேர். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த சில மாதங்களில், நோயாளிகளின் நடுவிலேயே வேலை பார்த்தவர்களிடம் கண்ட வித்தியாசம் அது. நோய் பரவாத மாதத்தில் எண்ணினால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். நேர் வித்தியாசம் அலையோடு ஏறி இறங்கும் என்பதால் அதைச் சொல்பவர் காலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விகிதத்தைச் சொல்பவர் ஆரம்ப அபாயம் எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஊசிக்குப் பின்னே வந்ததும் ஊசியால் வந்ததும்

தமிழ்நாட்டில் தடுப்பூசி பற்றிய அச்சத்துக்கு ஒரு தேதி உண்டென்றால் அது 2021 ஏப்ரல் 17. நடிகர் விவேக் அதற்கு இரண்டு நாள் முன்புதான் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, மக்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மாரடைப்பு, அதற்கு அடுத்த நாள் காலை மரணம். ரத்தக்குழாய் அடைப்பே காரணம் என்று மருத்துவர்கள் உடனே சொன்னதும், தடுப்பூசிக்குப் பிந்தைய விளைவுகளை ஆராயும் தேசியக் குழு பல மாதங்களுக்குப் பின் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று முடிவு தெரிவித்ததும் அந்த அச்சத்தை எட்டிப் பிடிக்கவேயில்லை. மக்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவ்வளவு பிரியமான மனிதர், கண்ணெதிரே, இரண்டே நாளில்.

இதைப் பற்றிப் பேச நேர்ந்தால் அறிக்கையை நீட்டுவதற்கு முன் ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொரோனா இல்லாத ஆண்டிலும் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். பெரும்பாலோர் நடுவயதையும் முதுமையையும் சேர்ந்தவர்கள். அதே வயதினருக்கு முன்னுரிமை கொடுத்து லட்சக்கணக்கில் ஊசி போடும்போது, எப்படியும் நேர்ந்திருக்கக்கூடிய மாரடைப்புகளில் சில ஊசி போட்ட வாரத்திலேயே விழுந்தே தீரும். ஆகவே ஒரு மரணத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஊசி போட்டவர்களிடையே வழக்கமான எண்ணிக்கையை விட அதிகமாக விழுகிறதா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி ஊசிக்கு எப்போதும் சாதகமாகவே விடை தரும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்ட்ராசெனகா விஷயத்தில் தந்த விடை பாதகமானது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, அதே நேரத்தில் ரத்தமும் உறையும் அரிய கோளாறு இளையவர்களிடம் வழக்கத்தை மீறித் தெரிந்தது. பிரிட்டன் 2021 ஏப்ரலில் 30 வயதுக்குக் கீழானவர்களுக்கும், மே மாதத்தில் 40 வயதுக்குக் கீழானவர்களுக்கும் வேறு ஊசியைப் பரிந்துரைத்தது. இந்தியாவில் அந்த மே மாதம் தேசியக் குழு வெளியிட்ட கணக்கின்படி, கோவிஷீல்டில் பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்ற அளவிலேயே ரத்த உறைவு நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. வெளிநாட்டுக் கணக்கை விட இது மிகக் குறைவு. நம்மவர்களுக்கு அந்தக் கோளாறு குறைவாக வந்ததா, நம் பதிவேட்டில் குறைவாக ஏறியதா என்று ஐயுறுவதற்கு எவருக்கும் உரிமை உண்டு. அந்த ஐயத்தை எழுப்புபவரைத் தடுப்பூசி விரோதி என்று முத்திரை குத்துவது விவாதம் ஆகாது.

2024 ஏப்ரல் இறுதியில், ஆஸ்ட்ராசெனகா நிறுவனம் இந்தப் பக்கவிளைவை நீதிமன்றத்தில் ‘ஒப்புக்கொண்டுவிட்டது’ என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பறந்தபோது என் உறவினர் ஒருவர், கோவிஷீல்டு போட்டு மூன்றாண்டு கழித்து, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று தொலைபேசியில் கேட்டார். புதிதாக எதுவும் வெளிவரவில்லை, அந்த அரிய விளைவு 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்துக் குறிப்பில் ஏற்றப்பட்டுவிட்டது, வருவதாக இருந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்திருக்கும் என்று சொன்னேன். அவர் கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை: “அப்பவே தெரியும்னா, எனக்கு ஊசி போட்டப்போ ஏன் யாரும் சொல்லல?” அது இரண்டாவது வழக்கு, அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

அரசை விசாரிக்கும்போது முதலில் தேதியைக் கேளுங்கள்

அரசின் செயலை எடைபோடும்போது இன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்குத் தீர்ப்பளிப்பது எளிது, ஆனால் செல்லாது. அந்தத் தேதியில் என்ன தெரிந்திருந்தது, வேறு என்ன வழிகள் கையில் இருந்தன, சுமை யார் தலையில் விழுந்தது, தவறு தெரிந்ததும் திருத்தினார்களா, தகவலை வெளியிட்டார்களா என்ற ஐந்தையும் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். எல்லா முடிவுகளையும் ஒரே தராசில் போட்டு ‘அரசு நன்றாகச் செய்தது’, ‘அரசு கைவிட்டது’ என்று பேசுவது கட்சி மேடைக்குத்தான் சரி.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் நாடு முழுவதற்கும் ஊரடங்கை அறிவித்தார். நள்ளிரவில் அது நடைமுறைக்கு வந்தது. நாட்டில் அப்போது உறுதியான தொற்றுகள் சில நூறுதான். புதுக் கிருமி, ஆயத்தமில்லாத மருத்துவமனைகள் என்ற நிலையில் ஊரடங்கு என்ற முடிவை நியாயப்படுத்த முடியும். நான்கு மணி நேர அவகாசத்தை நியாயப்படுத்துவது கடினம். வெளிமாநிலத் தொழிலாளிக்குக் கூலியும் சோறும் ஊர் திரும்ப வண்டியும் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அன்று தெரியாத அறிவியல் எதுவும் தேவைப்படவில்லை. முடிவையும் அதை நிறைவேற்றிய விதத்தையும் இப்படிப் பிரித்துக் காட்டினால், ஊரடங்கை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஓரிடத்தில் சந்திக்க முடிகிறது.

கோவேக்சினுக்கு 2021 ஜனவரி 3 அன்று அவசர அனுமதி கிடைத்தது. மூன்றாம் கட்டச் சோதனையின் பலன் விவரம் அப்போது வெளியாகவில்லை. இடைக்கால முடிவே மார்ச்சில்தான் வந்தது. பின்னால் மருந்து நல்ல பலன் தந்ததைக் காட்டி அந்த அனுமதியைச் சரியென்று வாதிடுவது, தேர்வு எழுதும் முன்பே மதிப்பெண் போட்டுவிட்டு, பையன் பிறகு தேறிவிட்டானே என்று சொல்வதைப் போன்றது. மருந்து நல்லது, அனுமதித்த முறை தவறு என்று ஒரே மூச்சில் சொல்லலாம். ஜனவரியில் ஊசிக்குத் தயங்கிய மருத்துவர்களை அப்படிச் சொல்லித்தான் புரிந்துகொள்ள முடியும்.

கோவிஷீல்டின் தவணை இடைவெளி இதைவிடச் சிக்கலானது. பயிற்சிக்கு ஏற்ற தலைப்பும் அதுதான். முதலில் 4 முதல் 6 வாரம், மார்ச்சில் 6 முதல் 8 வாரம், மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என்று அரசு நீட்டிக்கொண்டே போனது. தட்டுப்பாட்டை மறைக்கவே நீட்டினார்கள் என்பது ஒரு தரப்பு. 12 வாரமும் அதற்கு மேலும் விட்டுப் போட்டவர்களிடம் செயல்திறன் 81 சதவீதமாகவும், 6 வாரத்துக்குள் போட்டவர்களிடம் 55 சதவீதமாகவும் இருந்ததாக அந்த ஆண்டு தொடக்கத்திலேயே ஆய்வு வந்துவிட்டது என்பது மறுதரப்பு. தட்டுப்பாடும் உண்மை, ஆய்வும் உண்மை. ஆனால் இந்தியா நீட்டிய மறுநாளே, மே 14 அன்று, டெல்டாவைக் கண்டு அஞ்சிய பிரிட்டன் 50 வயதைக் கடந்தவர்களுக்கு இடைவெளியை 12 வாரத்திலிருந்து 8 வாரமாகக் குறைத்தது. ஒரே ஊசி, ஒரே கிருமி, ஒரு நாள் வித்தியாசத்தில் நேரெதிரான இரண்டு முடிவுகள். நல்ல கையிருப்பு உள்ள நாட்டுக்கும் முதல் தவணைக்கே வரிசையில் நிற்கும் நாட்டுக்கும் கணக்கு வேறாக வரலாம் என்று வாதிட இடமுண்டு. அப்படியானால் தட்டுப்பாடுதான் காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாமே என்று மடக்கவும் இடமுண்டு.

விலை விஷயத்தில் அவ்வளவு சிக்கல் இல்லை. மே 1 முதல் 18 வயதைக் கடந்த அனைவருக்கும் கதவு திறந்தபோது, 45 வயதுக்குக் கீழானவர்களின் பொறுப்பு மாநிலங்கள் தலையிலும் தனியார் மருத்துவமனைகளிடமும் விழுந்தது. ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய்க்குக் கிடைத்த அதே கோவிஷீல்டு மாநிலங்களுக்கு முதலில் 400, பிறகு 300; தனியாருக்கு 600. மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு உலகளாவிய ஒப்பந்தப் புள்ளி கோரின. தமிழ்நாடு கோரியதற்கு எந்த நிறுவனமும் முன்வரவில்லை. அந்தக் கொள்கை மேல்நோக்கில் தன்னிச்சையானது, பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்று உச்ச நீதிமன்றம் மே 31 அன்று குறிப்பிட்டது. ஜூன் 7 அன்று பிரதமர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். திருத்தியதற்கு மதிப்பெண் கொடுக்கலாம். இரண்டாம் அலையின் உச்சத்தில், தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 36 ஆயிரம் பேர் வரை தொற்றுக்கு ஆளான அந்த மே மாதம் கழிந்த பிறகே திருத்தம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே அரசு இயந்திரம்தான் அக்டோபர் 21-க்குள் 100 கோடித் தவணையையும் போட்டு முடித்தது. தமிழ்நாடு செப்டம்பர் 12 அன்று நடத்திய முதல் மாபெரும் முகாமில் 20 லட்சம் இலக்கு வைத்து 28 லட்சத்துக்கும் மேல் போட்டது.

கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்விக்கு தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தந்த தீர்ப்பைப் படித்துவிட்டுப் பேசுவது நலம். இரு தரப்பினரும் அதில் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம். எவரையும் ஊசி போட்டுக்கொள்ளும்படி வற்புறுத்த முடியாது, உடல்மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. பொதுநலனுக்காக அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும், தடுப்பூசிக் கொள்கையே நியாயமற்றது என்று கூற முடியாது என்றும், ஆனால் தொற்று குறைந்துள்ள நிலையில் போடாதவர்களைப் பொது இடங்களில் தடுப்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்றும், சோதனை விவரங்களைப் பொதுவில் வைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

“எண்ணிக்கையே பொய்” என்பவரிடம்

எல்லாக் கணக்கையும் கேட்டுவிட்டு, அரசு தந்த எண்தானே, அதை யார் நம்புவது என்று ஒருவர் எழுந்து போய்விடுவார். அவர் சொல்வதற்கும் அடிப்படை உண்டு. சென்னையில் முன்பு கணக்கில் வராத 444 மரணங்களைத் தமிழ்நாடு அரசே 2020 ஜூலை 22 அன்று பட்டியலில் சேர்த்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தை விட ஏறத்தாழ 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது; அரசின் கணக்கு 5 லட்சத்துக்கும் கீழே. கணக்கிட்ட முறையே தவறு என்று ஒன்றிய அரசு மறுத்தது. இப்படிப்பட்ட இடத்தில் ‘எண்ணை நம்புங்கள்’ என்று கெஞ்சுவதை விட, மறைக்க முடியாத எண்ணைத் தேடிப் போவதே வழி. ஊர் முழுவதற்கும் எடுத்த கணக்கில் ஆள் விடுபடலாம். பெயர்ப் பட்டியலும் சம்பளப் பட்டியலும் உள்ள கூட்டத்தில் விடுபடாது.

என் பெரியப்பா தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசு எண் எதையும் நம்பாதவர். அவரிடம் தமிழ்நாடு காவல்துறையினரைப் பற்றிய ஆய்வை எடுத்துப் போனேன். 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரையிலான ஒரு மாதக் கணக்கு. மொத்தம் 1,17,524 பேர். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர், அவர்களில் இறந்தவர்கள் 20. ஒரு தவணை போட்டவர்கள் 32,792 பேர், இறந்தவர்கள் 7. இரண்டும் போட்டவர்கள் 67,673 பேர், இறந்தவர்கள் 4. ஒரு தவணைக்கு 82 சதவீதமும் இரண்டு தவணைக்கு 95 சதவீதமும் மரணத்தைத் தடுத்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தவர், “ரோல்கால்ல பொய் சொல்ல முடியாது” என்றார். செத்தவன் பெயரைக் கூப்பிட்டால் பதில் வராது, குடும்பத்துக்குப் பணம் போக வேண்டும், மறைக்க வழியில்லை என்று அவரே விளக்கமும் சொன்னார். பிறகு விரலை 17,059 என்ற எண்ணின்மேல் வைத்து, “இவனுங்க யாரு?” என்று கேட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயந்து போடாமல் இருந்திருப்பார்கள், அவர்கள் எப்படியும் அதிகம் செத்திருப்பார்கள், அந்தப் பழியையும் சேர்த்து ஊசியின் கணக்கில் வரவு வைத்தால் எப்படி என்பது அவர் வாதம். புள்ளியியல் படித்தவர்கள் எழுப்பும் மறுப்பும் இதுவேதான், அவர்கள் இதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். நான் காட்டிய எண்கள் வயதையோ நோயையோ பிரித்துச் சொல்லாதவை. மொத்த மரணமே 31 என்பதால் ஒன்றிரண்டு கூடிக் குறைந்தாலும் சதவீதம் ஆடும். இதை ஒப்புக்கொண்டேன். அதனால்தான் குலுக்கல் முறையில் ஆளைப் பிரித்துப் போலி ஊசியோடு ஒப்பிடும் சோதனை தனியாக வேண்டியிருக்கிறது, அங்கேயும் விடை இதே திசையில்தான் வந்தது என்றேன். நான்கு மடங்கு ஆட்கள், ஐந்தில் ஒரு பங்கு மரணம். இவ்வளவு பெரிய இடைவெளியைச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மட்டுமே உண்டாக்கியிருக்க முடியுமா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த 95-ஐ அவர் இன்றுவரை ஏற்கவில்லை. 80 என்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.